டயர் கடைக்கு இரண்டு ஹாரன்

முதல் நாள் டையாலிசிஸ் முடிந்து வெளியே வந்தபோது எனக்குத் தலை நிற்கவில்லை. சென்டர் வாசலில் வெள்ளை வேன் நின்றது. ஓட்டுநர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்த மறு நிமிடம் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. இருக்கை, கால்மிதி, என் சேலை, எல்லாம் பாழ். கூட வரும் மற்ற இரண்டு பேரும் இன்னும் உள்ளே, ஊசி எடுத்த கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்த நேரமும் வந்துவிடுவார்கள். எனக்கு அழுகை முட்டியது.

ஓட்டுநர் அண்ணன் பழைய துண்டை எடுத்து முடிந்த மட்டும் துடைத்தார். சுத்தமான இன்னொரு துண்டை என் மடியில் போட்டார். பிறகு முன்பக்கம் போய், தாம் குடிப்பதற்காகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி மாட்டி வைத்திருந்த கோப்பியை எடுத்து வந்தார். ஒரு வாய்தான் குடித்திருப்பார். அப்படியே அந்த இடத்தின் மேல் ஊற்றிவிட்டார்.

மற்றவர்கள் வந்தார்கள். சுகுமாறன் அண்ணன் ஏறும்போதே மூக்கைச் சுளித்தார். "என்ன வாடை இது?"

"கோப்பி கொட்டிருச்சு. நான்தான், கை தவறிடுச்சு. பாவம், புதுசா வந்த பிள்ளை சேலையிலயும் பட்டுருச்சு. நீங்க பின்னால போய் உட்காருங்க."

"கோப்பியை நேரா பிடிக்கத் தெரியாதவர் கையில வேனைக் கொடுத்திருக்காங்க. நம்ம தலையெழுத்து," என்று முனகிக்கொண்டே சுகுமாறன் அண்ணன் பின்னால் போனார்.

என் வீடு வரும்வரை அந்தப் பழியை அவர்தான் சுமந்து வந்தார். அடுத்த முறையிலிருந்து என்னை முன் இருக்கையில், ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். "இங்க குலுக்கல் குறைவு மா" என்றதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

அவர் பெயர் கமலநாதன். காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் லோரியில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநருக்குக் கைவேலை செய்பவராக ஏறினார். பிறகு அவரே ஓட்டுநரானார். போர்ட் கிள்ளானிலிருந்து கொள்கலன் ஏற்றிக்கொண்டு முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டின் சாலை எல்லாம் ஓடியிருக்கிறார். மனைவி தாயம்மாளுக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு லோரியை விட்டுவிட்டு இந்த வேனை வாங்கினார். அந்த அம்மாள் இன்னும் நாலு வருடம் இருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, பழக்க தோஷத்தில் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வழியில், எப்போதும் தாயம்மாளோடு டையாலிசிஸுக்கு வருகிற லெட்சுமி அம்மா தன் வீட்டு வாசலில் டாக்சிக்காகக் காத்து நின்றிருக்கிறார். ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது.

"நான் என்ன செய்ய, வண்டி அங்கதான் போகுது," என்பார் யாராவது கேட்டால்.

செவ்வாய், வியாழன், சனி. நாங்கள் மூன்று பேர். எழுபத்து நாலு வயது லெட்சுமி அம்மா, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த சுகுமாறன் அண்ணன், நான். டையாலிசிஸ் முடிந்தால் எங்களுக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். அதனால் திரும்பும்போது அவர் ஏர்கோன் போடமாட்டார், கண்ணாடியையும் இறக்கமாட்டார். மாலை நாலு மணி கிள்ளான் வெயிலில் சட்டையெல்லாம் நனைந்து ஒட்டிக்கொள்ள ஓட்டுவார். போர்வைக்குள் நாங்கள் சுகமாகத் தூங்குவோம்.

சென்டருக்குப் போகிற மேரு சாலையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும். வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆகவே கோயிலைத் தாண்டும்போது கமலநாதன் அண்ணன் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவார். அதட்டுகிற மாதிரி இருக்காது, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். லோரி ஓட்டிய காலத்துப் பழக்கம். அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் கும்பிடுவோம். அவர் வாய்க்குள் சொல்வது முன் இருக்கையில் இருக்கும் எனக்கு மட்டும் கேட்கும்.

"கொண்டு போயிட்டு, கொண்டாந்து சேர்த்துடுப்பா."

அவ்வளவுதான் அவருடைய பிரார்த்தனை. தனக்கென்று அவர் ஏதும் கேட்டு நான் கேட்டதில்லை.

அவருக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. இந்த நாட்டில் மூத்தவர்களை மலாயில் 'வார்கா எமாஸ்' என்பார்கள். எமாஸ் என்றால் தங்கம். தங்கமான குடிமக்கள் என்று மரியாதையாக வைத்த பெயர். கிளினிக்கில் அவர்களுக்குத் தனி வரிசை, ரயிலில் தனி இருக்கை. கமலநாதன் அண்ணனுக்கு அந்தச் சொல்லே ஆகாது.

"எமாஸாம் எமாஸ். எமன்னு எழுத வெட்கப்பட்டுக்கிட்டு கடைசி எழுத்தை மாத்தி எழுதியிருக்கான். அந்த வரிசையில நின்னா நேரா எங்க கொண்டு போய் விடுவானோ."

சர்க்கரை மாத்திரை வாங்கப் போனால் தங்க வரிசை காலியாகக் கிடக்கும். இவர் இளவட்டங்களோடு இரண்டு மணி நேரம் நின்று வாங்கி வருவார். எழுபது முடிந்த பிறகும் அப்படித்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை. வழக்கம்போல் ஹாரன் இரண்டு தட்டு. நானும் கையெடுத்தேன். எதிரே அடுக்கி வைத்த டயர்கள்தான் தெரிந்தன. பிள்ளையார் கோயில் இன்னும் நாலு கடை தள்ளி இருந்தது.

பின்னாலிருந்து சுகுமாறன் அண்ணன் விடுவாரா? "டிரைவர் சார், சாமி அங்க இருக்காரு. இப்ப நீங்க கும்பிட்டது டயர் கடை."

லெட்சுமி அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் தம்பி, டயருக்கும் தும்பிக்கை இருக்கா?"

கமலநாதன் அண்ணனும் சிரித்தார். "டயர் நல்லா இருந்தாதானே சாமிகிட்ட போக முடியும். அதுக்கும் ஒரு கும்பிடு போட்டு வச்சேன்."

வேன் முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கை எனக்குத் தெரிந்தது. விரல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கோயில் முன்பு மஞ்சளாக இருந்தது. கும்பாபிஷேகத்துக்கு நீலமும் பச்சையுமாக மாற்றிவிட்டார்கள். டயர் கடைக்காரன் புதிதாக மஞ்சள் அடித்திருந்தான். அவர் மஞ்சளைப் பார்த்து ஹாரன் தட்டியிருக்கிறார். மஞ்சள் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு கவனித்தேன். சாலைச் சந்திப்பில் அவர் சிக்னல் விளக்கைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்ப்பார். மோட்டார்காரர்கள் கிளம்பினால் இவரும் கிளம்புவார். அவர்கள் இல்லாவிட்டால் பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடிக்கும்வரை நிற்பார்.

ஒரு நாள் அப்படி நிற்கும்போது, பேச்சோடு பேச்சாக, "பச்சை வந்துருச்சுண்ணே," என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. வண்டியை எடுத்தார். அடுத்த விளக்கிலும் சொன்னேன். அதற்கடுத்ததிலும். "சிவப்புல நிக்கிறோம்... பச்சை." இரண்டு மாதம் இப்படியே போனது. ஏன் சொல்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை, ஏன் தெரியவில்லை என்று நானும் கேட்கவில்லை. அவரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஒரு காலத்தில் அவர் செய்ததை நான் அவருக்குச் செய்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு. பின்னால் போர்வைக்குள் இரண்டு உயிர் தூங்குவதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மெஷினில் இருக்கும்போதே எனக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வேனில் ஏறியதும் கண் செருகிவிட்டது. மேரு சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. மாலை வெயில் நேரே முகத்தில். பக்கத்தில் மூன்று மோட்டார்கள் நின்றிருக்கின்றன. ரோடு காலியாக இருக்கிறதே என்று அவர்கள் சிவப்பிலேயே பறந்துவிட்டார்கள். அவரும் பின்னாலேயே எடுத்துவிட்டார்.

காது கிழிகிற ஹாரன் சத்தத்தில்தான் விழித்தேன். என் பக்கத்து ஜன்னல் நிறைய ஒரு லோரியின் முகப்பு. அந்த லோரிக்காரன் எப்படித்தான் பிரேக் பிடித்தானோ, அது சாமி செயல். எனக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. லெட்சுமி அம்மாவின் சோற்று டப்பா உருண்டு வந்து என் காலடியில் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கமலநாதன் அண்ணன் மெதுவாக ஓட்டிப்போய்ச் சாலையோரம் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

எப்போதும் கேலி பேசும் சுகுமாறன் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். குரலில் கேலியே இல்லை. "அது சிவப்புண்ணே."

"தெரியும்," என்றார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இல்ல. தெரியல. வெயில்ல மூணு லைட்டும் ஒண்ணாதான் தெரியுது. ஒரு வருஷமா இப்படித்தான்."

லெட்சுமி அம்மா பின்னாலிருந்து கை நீட்டி அவர் தோளைத் தொட்டார். "தம்பி, எங்களுக்கு ஒண்ணும் ஆகல. தண்ணி குடி."

அவர் சாவியை உருவி என் மடியில் வைத்தார். "நீ வச்சுக்க மாதவி. நான் கேட்டாலும் கொடுக்காத."

சுகுமாறன் அண்ணன் தன் மைத்துனருக்குப் போன் போட்டார். ஜெயராஜ் என்று பெயர், தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி வந்தவர். ஆலையை மூடிவிட்டதால் அப்போது வீட்டில் சும்மா இருந்தார். அவர் வந்து எங்களையெல்லாம் வீடு சேர்த்தார். கமலநாதன் அண்ணன் அன்று தன் வேனிலேயே கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் ஞாயிறு. காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். உயிரோடு விட்டதற்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்றிருந்தது. அவர் எனக்கு முன்பே வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐயர் கொடுத்த சுண்டல் அப்படியே கையில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமேண்ணே."

"போனா என்ன சொல்வான்னு தெரியும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மங்கலா தெரியுதுன்னாரு. கடைசி நாலு வருஷம் கக்கூசுக்குக்கூட என் கையைப் பிடிச்சுத்தான் போனாரு. மகன் முன்னால வேட்டி அவுக்க வெட்கப்பட்டுக்கிட்டுத் தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டாரு. நானும் அதேதான்னு டாக்டர் வாயால கேட்கணுமா? கேட்காத வரைக்கும் ஓட்டலாம்னு இருந்துட்டேன்." சுண்டலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் இறங்கிட்டா உங்களை யாரு ஏத்துவா?"

"அதை அப்புறம் பார்ப்போம். தப்பு என்மேலயும் இருக்கு. உங்களுக்குத் தெரியலன்னு தெரிஞ்சும் பச்சை பச்சைன்னு சொல்லி மறைச்சது நான்தான்."

அவர் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு நான் ஒரு பை கோப்பிதான் மா ஊத்தினேன். நீ ரெண்டு மாசம் ஊத்திட்ட."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஆறு வருடத்தில் அந்தக் கோப்பியைப் பற்றி அவர் பேசியது அன்றுதான். "நான் அசிங்கத்தை மறைச்சேன்," என்றார் கொஞ்சம் கழித்து. "நீ ஆபத்தை மறைச்சுட்ட. பரவால்ல. எனக்காகத்தானே செஞ்ச."

பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னேன், "சாமி முன்னால கேக்கிறேன். நாளைக்கு என்கூட கண் ஆஸ்பத்திரிக்கு வரீங்களா?"

"நாளைக்கு உனக்கு ஓய்வு நாளாச்சே."

"வரீங்களா, மாட்டீங்களா?"

சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். அதுதான் சம்மதம்.

திங்கட்கிழமை அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவில் உட்கார இடமில்லை. எண் எடுத்தோம், நூற்று நாற்பத்தெட்டு. அழைப்பு இருபதில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு நீண்ட நேரம் நிற்க முடியாது. சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு மலாய்த் தாதி எங்களைக் கடந்து போனவள் திரும்பி வந்தாள். அவரைப் பார்த்து, கண்ணாடிக் கதவு ஒன்றைக் காட்டினாள்.

"அங்கிள், வார்கா எமாஸ் சினி லா." மூத்தவர்கள் இங்கே வாருங்கள் என்கிறாள்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் முகம் சுருங்கியது. கதவின் மேலே பொன் நிறத்தில் பெரிய எழுத்து. கீழே ஏழெட்டு நாற்காலிகள், இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பரவால்ல நர்ஸ். நான் இங்கயே நிக்கிறேன்."

தாதிக்குப் புரியவில்லை. "அங்கிளுக்கு வயசு எத்தனை?" என்று மலாயில் என்னைக் கேட்டாள். அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் சுவரில் சாய்ந்திருந்த என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். சாயங்காலம் ஆனால் வீங்கும் கால் அது. கையில் இருந்த எண் சீட்டைப் பார்த்தார். அந்த எண் அவருக்குத் தெரிந்திருக்காது.

"எழுபத்தொண்ணு," என்றார். சத்தமாகச் சொன்னார். இரண்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். பிறகு என்னிடம், "வா. எமனையே நேர்ல பார்த்துட்டு வந்துடுவோம்," என்று சொல்லிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டரம்மா நம் தமிழ்ப் பெண். இரண்டு கண்ணிலும் விளக்கு அடித்துப் பார்த்தார். மருந்து விட்டுக் காக்க வைத்து மறுபடி பார்த்தார். கமலநாதன் அண்ணன் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விதம் அந்த டயர் கடை நாளை ஞாபகப்படுத்தியது.

"ஐயா, ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல நரம்பு நல்லா இருக்கு. புரையை எடுத்துட்டா நல்லாவே தெரியும். இடது கண்ணுல நரம்பு பாதிச்சிருக்கு. போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்து தவறாம விட்டா மிச்சம் உள்ளதைக் காப்பாத்தலாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முழுசா போயிடாதா?"

"யார் சொன்னா? போகாது. பேப்பர் படிக்கலாம், கோயிலுக்குத் தனியா போகலாம். ஆனா ஆளுங்களை ஏத்திக்கிட்டு வேன் ஓட்டுறதை மட்டும் விட்டுடுங்க. ஒரு கண்ணை நம்பி அந்த வேலை வேணாம்."

"எங்கப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா காலத்துல இவ்வளவு வசதி இல்லைங்கய்யா. அவருக்கும் புரையா இருந்திருக்கலாம். பார்க்காம நான் சொல்ல முடியாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. சட்டைக் கையால் துடைக்கத் துடைக்க வந்தது. அப்பாவை நினைத்தாரோ, தன்னை நினைத்தாரோ தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அந்த வரிசையில போனது நல்லதுதான்," என்றார். "இல்லன்னா நூத்தி நாப்பத்தெட்டு வர்றதுக்குள்ள நான் ஓடிப் போயிருப்பேன்."

பிறகு கேட்டார், "அந்த ஜெயராஜ் எப்படி ஓட்டுறான்?"

ஜெயராஜ் நன்றாகவே ஓட்டினார். சாவியை நான் அவரிடம் கொடுத்தபோது கமலநாதன் அண்ணன் பக்கத்தில் நின்றார். ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னார். "சாயங்காலம் ஏர்கோன் போடாதப்பா. இவங்களுக்குக் குளிரும்."

அறுவை முடிந்து கண் கட்டு அவிழ்த்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை வேன் வந்து நின்றபோது உள்ளே அவர் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இடத்தில் இல்லை, பின் இருக்கையில், சுகுமாறன் அண்ணன் பக்கத்தில். கறுப்புக் கண்ணாடி. "சும்மா வீட்டுல உட்கார்ந்து என்ன செய்ய. லெட்சுமி அக்கா பையைத் தூக்க ஆள் வேணும்ல," என்றார். அதுவரைக்கும் லெட்சுமி அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மேடம்' என்றுதான் விளையாட்டாகச் சொல்வார்.

நான் ஏறியதும் அவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் மா மாதவி, உனக்கு இவ்வளவு நரை விழுந்திருக்கா? ஒருத்தரும் சொல்லவே இல்லையே," என்றார்.

அன்று சென்டர் போய்ச் சேரும்வரை அவர் வாய் மூடவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மருந்துக்கடை, முடிவெட்டும் கடை, வாழையிலைச் சாப்பாடு, கண்ணாடிக் கடை, தமிழ் மலாய் எதையும் விடவில்லை.

"ஜெயராஜு, இந்த ரேடியோவை எப்படி நிறுத்துறது?" என்றார் சுகுமாறன் அண்ணன்.

"ஒரு வருஷமா நிறுத்தி வச்சிருந்த ரேடியோ. கொஞ்சம் பாடட்டும் விடுங்க மச்சான்."

பிள்ளையார் கோயில் வந்தது. ஜெயராஜ் ஹாரனை அழுத்தினார். பேருந்து ஓட்டிய கை, நீளமாக அடித்துவிட்டது. கமலநாதன் அண்ணன் கும்பிட்ட கையோடு கோபுரத்தையே பார்த்தார். "ஐயோ, எப்ப நீலம் அடிச்சாங்க?"

"கும்பாபிஷேகத்துக்கே அடிச்சாச்சு. நீங்கதான் டயர் கடைக்காரனுக்கு அர்ச்சனை பண்ணிக்கிட்டு இருந்தீங்க," என்றார் சுகுமாறன் அண்ணன்.

வேன் குலுங்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் பயம் இல்லை. கோயிலைத் தாண்டிய பிறகும் என் காதுக்கு அது கேட்டது, பின்னாலிருந்து, அதே மெல்லிய குரல். கொண்டு போயிட்டு, கொண்டாந்து சேர்த்துடுப்பா. ஓட்டுகிறபோது சொன்னதைவிட நிதானமாக இருந்தது. இனி கொண்டு போகிற வேலை முழுக்கச் சாமியுடையது என்று விட்டுவிட்டார் போல.

ஒன்றரை வருடம் அப்படி எங்களோடு வந்தார். சென்டரில் நாலு மணி நேரமும் சும்மா இருக்கமாட்டார். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். கையில் எப்போதும் ஒரு கோப்பிப் பை இருக்கும். அதை அவர் குடித்து முடித்து நான் பார்த்தது குறைவு.

குளியலறையில் ஒரு முறை வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கும் மகள் மூன்று வருடமாக வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். விழுந்த மறுநாள் அவரே போன் போட்டு, "அப்பா வந்துடட்டுமா?" என்று கேட்டாராம். மகளுக்கு நம்பிக்கை வரவில்லை, இரண்டு தடவை கேட்டாளாம். தொங்காட் ஒன்றும் தாமே கடைக்குப் போய் வாங்கிக்கொண்டார். ஊன்றுகோலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அங்கே போய்ப் பத்து மாதம் நிம்மதியாக இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, தூக்கத்திலேயே, யாருக்கும் சிரமம் கொடுக்காமல் சாமியிடம் போய்விட்டார். மகள் போனில் சொன்னபோது அழுதேன். அழுது முடித்ததும் மனது லேசாகத்தான் இருந்தது. அத்தனை வருடம் ஓட்டியும் ஒரு உயிருக்கும் கெடுதல் செய்யாமல் தாமே வண்டியை நிறுத்தினார். அப்பாவுக்கு நடந்தது அவருக்கு நடக்கவில்லை. கடைசிவரை கோயிலுக்குத் தனியாக நடந்து போய் வந்தார் என்று மகள் சொன்னாள்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர் பிரிக்ஃபீல்ட்ஸ் புறப்பட்ட அன்று. சனிக்கிழமை. நாங்கள் சென்டருக்குப் போகிற வழியில்தான் அவரைக் கிள்ளான் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டோம். ஒரே ஒரு பெட்டி. லெட்சுமி அம்மா வேனில் இருந்தபடியே அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். சுகுமாறன் அண்ணன் கீழே இறங்கி, "அங்க போய் டயர் கடை எங்கன்னு பார்த்து வைங்க," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மட்டும் நடைமேடைவரை பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

கொமுட்டர் ரயில் வந்தது, நல்ல கூட்டம். ஏறியவுடன் கதவருகே இருந்த மலாய்ப் பெண் ஒருத்தி அவருடைய தொங்காட்டைப் பார்த்துவிட்டு எழுந்தாள். இருக்கைக்கு மேலே அந்த ஒட்டுப் படம், அந்த எழுத்து. அவர் நிமிர்ந்து பார்த்து நிதானமாக வாசித்தார். அந்தப் பெண்ணுக்கு 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லி, சாய்ந்து, வசதியாக உட்கார்ந்துகொண்டார். கதவு மூடுவதற்கான மணி அடிக்க ஆரம்பித்தது. என்னைப் பார்த்து மேலே விரலைக் காட்டினார்.

"எமாஸ் சீட்டுல நான் உட்கார்ந்துட்டேன் மாதவி. எமன் வந்தா நின்னுக்கிட்டே வரட்டும். சரி, நீ போ மா. மெஷினுக்கு நேரமாகுது, வேன் காத்துக்கிட்டு இருக்கும்."